கவரைப்பேட்டைக் கோழிகளின் ஐந்து சுதந்திரங்கள்

இந்திய நாடு ஒரே ஒரு சுதந்திரத்தைப் பெறுவதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் பாடுபட்டது. கவரைப்பேட்டைக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் நடுவே வசித்த பன்னிரண்டாயிரத்து நானூறு கோழிகளோ, 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தின் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணிக்குள் ஐந்து சுதந்திரங்களைப் பெற்றுவிட்டன. உண்ணாவிரதம் இல்லை, தடியடி இல்லை. ஒரு மின்னஞ்சல் வந்தது, அவ்வளவுதான்.

அனுப்பியது வட ஐரோப்பாவில் உள்ள ஒரு பிஸ்கட் கம்பெனி. பொன்கரு ஃபுட்ஸ் பிரைவேட் லிமிடெட் தயாரிக்கும் முட்டைப் பொடியை மூன்று வருடமாக வாங்கி வந்தவர்கள். அந்த நாட்டு மக்களுக்குத் திடீரென்று ஒரு சந்தேகம் வந்துவிட்டதாம்: தாங்கள் காப்பியில் நனைத்துத் தின்னும் பிஸ்கட்டுக்கு முட்டையிட்ட கோழி, இடுகிற நேரத்தில் சந்தோஷமாக இருந்ததா? விடை தெரியாமல் அவர்களுக்குக் காப்பி இறங்கவில்லை.

பொது மேலாளர் துளசிராமன் உடனே மூன்றாம் எண் கொட்டகையில் கூட்டம் கூட்டினார். அவர் ஊத்துக்கோட்டைக்காரர். தமிழில் திட்ட ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பது வழக்கம். அன்றைக்கு அதிசயமாக மெல்லிய குரலில் பேசினார்.

"இன்னிலேர்ந்து கோழிங்களுக்கு அஞ்சு சுதந்திரம். பசி, தாகம் கூடாது. அசௌகரியம் கூடாது. நோவு, வலி கூடாது. அதுங்க இஷ்டத்துக்கு இயல்பா நடந்துக்க வுடணும். அஞ்சாவது, பயமும் மனக்கஷ்டமும் கூடவே கூடாது."

கொட்டகையில் வேலை செய்யும் பதினான்கு பெண்களும் இந்தப் பிரகடனத்தை நின்றபடியே கேட்டார்கள். மரியாதைக்காக மட்டும் அல்ல. உட்கார அங்கே எதுவும் இல்லை.

"கோழிக்கு மனக்கஷ்டம் கீதுன்னு எப்டி சார் கண்டுபுடிக்கிறது?" என்று கேட்டாள் கெங்கம்மாள். அவள்தான் பதினான்கு பேரில் மூத்தவள்; ஐம்பதைத் தாண்டியவள்.

"அதுக்குத்தான் ஒரு ஆபீசர் போடச் சொல்லி எழுதிக்கீறான். கோழிங்களோட தினம் பழகற ஆளா இருக்கணும். முழுப் பேரையும் கையெழுத்துப் போடத் தெரியணும்."

இந்த இரண்டு தகுதிகளும் சேர்ந்து ஒரே ஆளிடம் இருந்தன. அவள் சாராள். வயது நாற்பத்தொன்று, ஒன்பதாம் வகுப்பு வரை படிப்பு. கவரைப்பேட்டை ஸ்டேஷனுக்குப் பின்னால் வீடு. அவளுடைய அப்பா அம்மா பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வயலில் இப்போது இரும்பு உருக்குகிறார்கள். சாராளுக்கு ஒரு குணம் உண்டு. எழுத்தில் இருப்பது எதையும் அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டாள். போண்டா மடித்த காகிதத்தைக்கூட முழுதும் படித்துவிட்டுத்தான் கசக்குவாள்.

அவள் சட்டைமேல் ஓர் அட்டை குத்தப்பட்டது: "பறவை நல அலுவலர்." ஒரு பதிவேடும் கொடுக்கப்பட்டது. வேலை நேரம், வேலை, நிற்கிற இடம் ஆகியவற்றில் எந்த மாற்றமும் செய்யாமலேயே ஒரு மனிதரை அலுவலராக உயர்த்த முடியும் என்பதை நிர்வாகம் அன்று நிரூபித்தது.

மின்னஞ்சலோடு வந்த விதிமுறை அறுபத்து நான்கு பக்கம். அதைத் தமிழாக்கும் பொறுப்பு ஏற்றுமதிப் பிரிவு சஹாபுதீன் பாயிடம் வந்தது. பழவேற்காட்டுக்காரர், வளைகுடா நாடுகளில் இருபது வருடம் கடிதம் எழுதிப் பழகியவர். அவருடைய தமிழில் கோழிகள் "மேற்படி பறவைகள்" ஆயின. பெண்கள் "கையாளுநர்கள்" ஆனார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கொட்டகை ஓரத்து நிழலில் குந்திக்கொண்டு, சாராள் அதை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டினாள்.

"மேற்படி பறவைகளுக்குப் பத்தடி தூரத்துக்கு ஒரு குடிநீர் வசதி இருத்தல் வேண்டும்."

"சரி," என்றாள் கெங்கம்மாள், தூக்குச் சட்டியில் கடைசிச் சோற்றை வழித்தபடி.

"மேற்படி பறவைகள் களைப்பாறக் கட்டைகள் அமைத்தல் வேண்டும். முப்பத்திரண்டு டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் விசிறி இயக்குதல் வேண்டும்."

"போடட்டும், பாவம்."

"மேற்படி பறவை முட்டையிடும் தருணத்தில் பிறர் பார்வை படாத, மங்கலான, தனிமையான, திரையிட்ட இடம் அளிக்கப்படுதல் கட்டாயம்."

கெங்கம்மாள் கை நின்றது. "இன்னாது? திருப்பிப் படி."

சாராள் திருப்பிப் படித்தாள்.

"கோழிக்குத் திரை போட்ட ரூமா? நாம ஒதுங்கணும்னா தைலமரத் தோப்புக்குப் போய்க்கினு வர்றோம். லாரிக்காரனுங்க ஆரன் அடிச்சிகினு போறானுங்கோ."

பெண்கள் சிரித்தார்கள். ஆனால் விஷயம் சிரிப்புக்குரியதல்ல. கம்பெனியில் கழிப்பறை இருக்கத்தான் இருந்தது. பொடித் தொழிற்கூடத்தின் அந்தப் பக்கம், இரண்டு கேட்டுகளுக்கு அப்பால். போக வேண்டுமானால் சூப்பர்வைசரிடம் சீட்டு வாங்க வேண்டும். சீட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தை நிரப்பவும் தோப்புக்குப் போகவும் கூச்சப்பட்டு, காலை எட்டு மணி முதல் மாலை ஆறு மணி வரை தண்ணீரே குடிக்காமல் இருப்பதென்று பதினான்கு பேரும் பழகிக்கொண்டிருந்தார்கள். இந்தச் சிக்கன நடவடிக்கை நிர்வாகத்தின் கவனத்துக்கு வரவே இல்லை. வந்திருந்தால் ஒரு பாராட்டுக் கடிதமாவது கொடுத்திருப்பார்கள்.

ஒரே மாதத்தில் கூண்டுகள் போயின. தரையில் உமி பரப்பப்பட்டது; ஒரு மூலையில் மணல் குளியல் தொட்டி அமைந்தது. அப்போதுதான் சர்வதேசச் சிக்கல் ஒன்று தலைதூக்கியது. பொன்கருவுக்குக் கிழக்கே ஒரு நாட்டிலும் வாடிக்கை உண்டு. அவர்கள் எழுதினார்கள்: கோழி மண்ணையே தொடக்கூடாது, தூசி ஆகாது, சுத்தமே கோழியின் சுகம். மேற்கே சொன்னதோ, மண்ணில் புரள்வது கோழியின் பிறப்புரிமை.

துளசிராமன் ஒரு பகல் முழுவதும் யோசித்து, கொட்டகையின் குறுக்கே சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். வடக்குப் பக்கத்துக் கோழிகள் மேற்கு நாட்டுக்கு. தெற்குப் பக்கத்துக் கோழிகள் கிழக்கு நாட்டுக்கு.

"சார், தெக்குக் கோழி வடக்கால தாண்டிப் போவுது," என்று சாராள் முறையாகத் தகவல் அளித்தாள்.

"எத்தினி?"

"எல்லாமே சார். அங்கதான் மணல் கீது."

"புடிச்சி இந்தப் பக்கம் வுடும்மா."

"இயல்பா நடந்துக்க வுடணும்னு நாலாவது சுதந்திரம் சொல்லுது சார்."

துளசிராமன் தெலுங்கில் எதையோ முடித்துவிட்டுப் போனார். எல்லைக் கோடு இரண்டு நாளில் கோழிகளின் காலடியில் அழிந்தது. உலக வரலாற்றில் இவ்வளவு சுலபமாக அழிந்த எல்லை வேறில்லை.

மே மாதம் வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மத்தியானம் இரண்டேகால் மணிக்கு, முட்டை அட்டையை ஏந்தியபடியே கெங்கம்மாள் சாய்ந்தாள். முட்டைகள் உடைந்தன. கோழிகள் கொக்கரித்துக்கொண்டு சிதறின. சாராள் ஓடிப்போய்த் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது.

துளசிராமன் வாசலில் நின்று கத்தினார். கோழிகளுக்காகக் குரலைத் தாழ்த்திக் கத்தினார்: "தூக்குங்க, சீக்கிரம் வெளிய தூக்குங்க! பயப்படுதுங்க!"

கும்மிடிப்பூண்டியில் டாக்டர் சோதித்துப் பார்த்தார். சிறுநீர்ப் பாதையில் புண், சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கிறது என்றார். "நிறைய தண்ணி குடிக்கணும்மா."

"குடிச்சிட்டு எங்க டாக்டர் போறது?" என்று கெங்கம்மாள் படுத்தபடியே கேட்டாள். அந்த வியாதிக்கு அவரிடம் மாத்திரை இல்லை.

மறுநாள் சாராள் மேலாளர் அறைக்குப் போனாள். கையை முந்தானையில் சுற்றிக்கொண்டாள். "சார், நம்ம கொட்டாய்க்கிட்ட ஒரு கக்கூஸ் கட்டணும் சார். கெங்கம்மாக்கா செத்துப் பொழைச்சிகீது."

துளசிராமன் கெட்டவர் அல்ல. கேட்பவருடைய கண்ணைப் பார்க்காமல்தான் அவரால் மறுக்க முடியும். ஜன்னலைப் பார்த்தார். "அது லேபர் மேட்டரும்மா. மேல எழுதி, அவங்க பாத்து, வருசக் கணக்காவும். என் டேபிள்மேல இப்ப கோழி மேட்டர் மட்டும்தான் ஓடுது."

சாராள் கொட்டகைக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரம் முட்டை பொறுக்கினாள். மேலாளர் சொன்னதை மனசுக்குள் இரண்டு மூன்று தடவை திருப்பிப் படித்தாள். பிறகு கையைக் கழுவிவிட்டுப் பதிவேட்டைத் திறந்து, சஹாபுதீன் பாயின் தமிழில் எழுதினாள்:

"நேற்று பிற்பகல் 2.15 மணியளவில் கையாளுநர் ஒருவர் திடீரென விழுந்த காரணத்தால், மேற்படி பறவைகளில் சுமார் அறுநூறு, அச்சத்துக்கும் மனவேதனைக்கும் ஆளாயின. ஐந்தாம் சுதந்திரம் பாதிக்கப்பட்டது. விழுந்த காரணம்: தண்ணீர் குடிக்காமை. தண்ணீர் குடிக்காத காரணம்: கழிப்பறை இன்மை. இன்னும் பதின்மூன்று கையாளுநர்கள் எந்நேரமும் விழக்கூடிய நிலையில் உள்ளனர். இப்படிக்கு, ஞா. சாராள், பறவை நல அலுவலர்."

பதிவேட்டை வாராவாரம் ஆங்கிலமாக்கி ஐரோப்பாவுக்கு அனுப்புவது பாயின் வேலை. படித்துவிட்டு அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"சாராளம்மா, இத்த அப்படியே இங்கிலீஷ் பண்ணட்டுமா?"

"நடந்ததத்தான பாய் எழுதிக்கீறேன்."

"நடந்ததுதான். அதான் பேஜாரா கீது." கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார். அறுநூறு என்பதற்குக் கீழே மட்டும் அவர் சொந்தமாக ஒரு கோடு இழுத்ததாகப் பின்னால் தெரிந்தது.

இரண்டே நாளில் பதில் வந்தது. அறுநூறு பறவைகளின் துயரம் தங்களை ஆழ்ந்த கவலைக்கு உள்ளாக்கியிருப்பதாகவும், நிவாரணம் செய்யும்வரை அடுத்த கொள்முதல் நிறுத்தி வைக்கப்படுவதாகவும் எழுதியிருந்தார்கள். விழுந்த ஆள் எழுந்தாளா என்று கேட்க இடம் போதவில்லை போலும்.

"அய்யோ நைனா!" என்று துளசிராமன் நாற்காலியிலிருந்து எழுந்தார். வருசக் கணக்காகும் என்றது ஒன்பதே நாளில் முடிந்தது. கொட்டகையை ஒட்டி, ஓடு பதித்து, தாழ்ப்பாள் வைத்து, தண்ணீர்க் குழாயோடு ஒரு கழிப்பறை எழுந்தது. அதன் நெற்றியில் கம்பெனிச் செலவில் பெயர்ப் பலகை: "பறவை அச்ச நிவாரண அறை."

அன்றைக்குத்தான் கெங்கம்மாள் வேலைக்குத் திரும்பினாள். பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு குழாயடியில் சொம்பை நிரப்பி, எல்லோரும் பார்க்கும்படி மடமடவென்று குடித்தாள். இன்னொரு சொம்பும் குடித்தாள். தாடையிலிருந்து தண்ணீர் வழிய, "கொஞ்சம் இருங்கடி, கோழிங்க பயத்தப் போக்கிட்டு வர்றேன்," என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். வெளியே பதின்மூன்று பெண்கள் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருந்த சாராளுக்குக் கண் ஏன் கலங்கியதென்று அவளுக்கே தெரியவில்லை.

அலுவலர் பதிவேட்டில் தம் கடமையைத் தொடர்ந்தார். "நாள் முழுதும் நிற்கும் கையாளுநரின் கை தளர்ந்து, மேற்படி பறவைகள் மீது கனமாக விழுகிறது": பெஞ்சு வந்தது. "கையாளுநரின் வியர்வை மேற்படி பறவைகள் மீது சொட்டி அவற்றுக்கு அசௌகரியம் விளைகிறது": ஆட்கள் நிற்கும் பக்கமும் விசிறி வந்தது. துளசிராமனுக்கு விஷயம் புரியாமல் இல்லை. ஒருநாள் பெஞ்சைச் சுற்றி வந்து, "இதுல கோழி எங்கம்மா உக்காருது?" என்று கேட்டார்.

"நாங்க உக்காந்தா அதுங்களுக்கு நிம்மதி சார்."

"அதுங்க சொல்லிச்சா?"

"பதிவேட்டுல எழுதட்டுமா சார், மேனேஜர் சந்தேகப்படறாருன்னு?"

"வேணாம்மா," என்றார் துளசிராமன் அவசரமாக.

ஜூலையில் பிஸ்கட் கம்பெனியிலிருந்து நேரடித் தணிக்கைக்கு ஹென்ரிக் வந்தார். ஆறரை அடி உயரம், சிவந்த காது, காலில் பிளாஸ்டிக் உறை. டேப்பால் எல்லாவற்றையும் அளந்தார். கோழியின் பார்வையில் கொட்டகை எப்படித் தெரிகிறது என்று அறிய, உமியில் குப்புறப் படுத்தும் பார்த்தார். ஒரு கோழி அவர் முதுகில் ஏறி நின்றது. அது இயல்பாக நடந்துகொள்வதைக் கெடுக்க மனமில்லாமல், அது இறங்கும்வரை ஆடாமல் கிடந்தார். நல்ல மனிதர் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

கடைசியாக நிவாரண அறையின் முன் நின்றார். கதவைத் திறந்தார். மூடினார். படிவத்தைப் புரட்டினார். அவர் ஆங்கிலத்தில் கேட்டதைப் பாய் தமிழில் சொன்னார்.

"எத்தினி கோழிங்க இத்த யூஸ் பண்ணுதுன்னு கேக்கறாரு."

ஹென்ரிக் விதிமுறையில் ஒரு வரியைத் தொட்டுக் காட்டினார்; பாய் தொடர்ந்தார்.

"பறவைப் பகுதியில கீற கட்டடம் எதுவா இருந்தாலும் பறவை யூஸ் பண்ணணுமாம். இல்லாட்டி அது விதிமீறலாம். எடுத்துடணுமாம்."

"எடுத்துடறோம் சார்! நாளைக்கே இடிச்சிடறோம்!" என்றார் துளசிராமன். பெஞ்சையும் விசிறியையும் சேர்த்துக் கையால் காட்டினார். அந்த முகத்தில் பல வாரங்களாகக் காணாத ஒரு தெளிவு.

கெங்கம்மாள் சாராளின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடி இறுகியது.

"பாய்," என்றாள் சாராள். "அந்தப் பொஸ்தகத்துல எங்களுக்கு இன்னா சுதந்திரம் போட்டுக்குதுன்னு கேளுங்க."

பாய் கேட்டார். ஹென்ரிக் நாணயமான மனிதர். அறுபத்து நான்கு பக்கங்களையும் முதலிலிருந்து புரட்டினார். கையாளுநர் நலன் என்ற தலைப்பு அதில் இல்லை. அந்தக் கணக்கில் மனிதர்களுக்கு ஒரு முட்டைகூடப் போட்டிருக்கவில்லை. காது மேலும் சிவக்க, மெதுவாக ஏதோ சொன்னார்.

"முட்டைதான் அவுங்க நாட்டுக்குப் போவுதாம். நீங்க எக்ஸ்போர்ட் ஆவறதில்லையாம்," என்றார் பாய். சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

சாராள் ஹென்ரிக் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள். "எத்தினி பறவைன்னு எழுதிக்கீறாரு?"

"பன்னண்டாயிரத்து நானூறு."

"பதினாலு சேத்துக்கச் சொல்லுங்க."

பாய் மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லுங்க பாய். பறவைன்னா இன்னான்னு மொத பக்கத்துல போட்டுக்குது. நீங்கதான் தமிழ்ல எழுதினீங்க. 'பறவை என்பது நாளொன்றுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் கொட்டகையில் வைக்கப்பட்டு, உற்பத்தியில் ஈடுபடுத்தப்படும் உயிர்.' நாங்க பத்து மணி நேரம் கீறோம்."

பாய் சொன்னார். ஹென்ரிக் முதல் பக்கத்துக்குப் போனார். இரண்டு முறை படித்தார். இறகைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை. அலகைப் பற்றியும் இல்லை. பதினான்கு பெண்களையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தார்.

துளசிராமன் நிலைமையைக் கணித்தார். கட்டியதை இடித்தால் தணிக்கை இன்னொரு முறை. ஏற்றுமதி இன்னும் ஒரு மாதம் தாமதம். "இவங்களுக்கும் ரெண்டு காலுதான் சார்," என்று ஆங்கிலத்தில் எடுத்துக்கொடுத்தார். "கரெக்டா கீது."

ஹென்ரிக் பேனாவை எடுத்தார். பழைய எண்ணை அடித்துவிட்டு, பக்கத்தில் எழுதினார்: 12,414. கையெழுத்துப் போட்டுவிட்டு, சாராளிடம் வந்து, குனிந்து, கை குலுக்கினார். வேறு எந்தக் கோழிக்கும் அவர் அப்படிச் செய்யவில்லை.

ஆகஸ்டில் சான்றிதழ் வழங்கும் விழா. ஷாமியானா, சால்வை, மைக். சுற்று வட்டாரத் தொழிலதிபர்கள் முன்வரிசையை நிறைத்திருந்தார்கள். சான்றிதழில் பொன் எழுத்துகளில் பொறித்திருந்தது: "ஐந்து சுதந்திரங்களுடன் வாழும் பறவைகள்: 12,414." எண்ணைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

துளசிராமன் உணர்ச்சியோடு பேசினார். "எங்க கம்பெனியில கோழிய வேற, தொழிலாளிய வேறன்னு நாங்க பிரிச்சிப் பாக்கறதே இல்ல!" கைத்தட்டல் அடங்க வெகு நேரமானது. பிறகு, "இந்தப் பெருமைக்கெல்லாம் காரணமான நம்ம அலுவலர், எந்தக் கொறையும் இல்லாம எப்படி இருக்காங்கன்னு அவங்க வாயாலயே ரெண்டு வார்த்தை" என்று மைக்கைச் சாராளிடம் நீட்டினார்.

அவள் மைக்கை இரண்டு கையாலும் வாங்கினாள். பின்வரிசையில் பதின்மூன்று பெண்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். சாராள் எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு, பணிவாக, நிதானமாகப் பேசினாள்:

"கோழியானதுலேர்ந்து எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல சார். அதுக்கு முன்ன பத்து வருசம் பொம்பளைங்களா வேலை செஞ்சோம் பாருங்க, அப்பதான் கஷ்டம்."